சாமிக்கு ஒரு மரம், மூக்குக்கு ஒரு மரம்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தபோது உன் அப்பா போனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு முன்னால் போனார். உன் கல்யாணத்துக்கென்று மதிலுக்கு அடித்த புதுப் பெயின்டைக் காட்டத்தான் போனார். நீ பெயின்டைப் பார்க்கவே இல்லை. "அம்மா, இதென்ன ரெண்டு ரோசா மரம் நிக்குது? ஒண்டுதானே இருந்தது?" என்று கேட்டாய். அப்பா போனை என் பக்கம் திருப்பி, "அதை அம்மாட்டக் கேள்" என்று சொல்லிவிட்டு நழுவினார். நானும் பிறகு சொல்கிறேன் என்று மண்டபக் கதைக்குத் தாவிவிட்டேன். அந்தப் பிறகு எப்போது வரப்போகிறது? நீ வந்து இறங்கினால் வீடு நிறையச் சனமாக இருக்கும். கொட்டாஞ்சேனையில் இருந்து சம்பந்தி வீட்டார் வருவார்கள், போவார்கள். தாலி கட்டிய கையோடு நீயும் தர்ஷினியும் மெல்பேணுக்குப் பறந்துவிடுவீர்கள். அதனால் இப்போதே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். வேலைக்குப் போகிற ரெயிலில் இருந்து ஆறுதலாக வாசி.

பழைய மரத்தை உனக்குத் தெரியும். கேற்றுக்கும் முன் ஜன்னலுக்கும் இடையில், இரண்டு பாய் விரித்தால் நிறைந்துவிடுகிற அந்தத் துண்டு மண்ணில்தான் நீ மூன்று சில்லுச் சைக்கிள் ஓட்டினாய். பந்தால் அடித்து என் மரத்தின் கொப்பை முறித்துவிட்டு, காகம் முறித்தது என்று சாதித்தவனும் நீதான். ஒபிஸில் நுவரெலியாவுக்கு ட்ரிப் போனபோது அந்தக் கன்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ரோஸ் நிறம். மொட்டுக் கூராக எழும்பி, ஒரு காம்புக்கு ஒரு பூவாக விரிகிற ஹைபிரிட் டீ ஜாதி. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளவத்தை வெயிலுக்கும் கடற்காற்றுக்கும் இது ஒரு மாதம் தாங்காது என்றார்கள். ஒன்றை முடியாது என்று யாராவது சொல்லிவிட்டால் அதைச் செய்து காட்டாமல் எனக்கு நித்திரை வராது. அந்தக் குணம் உனக்கும் வந்திருக்கிறது, தர்ஷினிதான் பாவம்.

அந்த மணல் மண்ணைத் தோண்டி எறிந்துவிட்டு, செம்மண்ணும் தேங்காய்த் தும்புத்தூளும் மாட்டெருவும் கலந்து, சுற்றிச் செங்கல் அடுக்கி மேடாக்கி நட்டேன். பக்கத்து வீட்டை இடித்துத் தொடர்மாடி கட்டிய பிறகு பின்னேர வெயில் போய்விட்டது. காலை வெயில் மட்டும் மிச்சம், நல்ல காலம் அதுதான் ரோஜாவுக்குப் பிடித்த வெயில். தண்ணீரை விடியவே வேரடியில் ஊற்ற வேண்டும், இலையில் படக் கூடாது. கடற்காற்று பலமாக அடித்த மறுநாள் மட்டும் இலையில் படிந்த உப்பைக் கழுவி விடலாம், அதுவும் வெயில் ஏறுவதற்கு முன். மழைக்காலத்தில் கரும்புள்ளி விழுந்த இலைகளைப் பொறுக்கித் தூரப் போட வேண்டும். ஒட்டுக் கட்டின இடத்துக்குக் கீழே இருந்து ஒரு முரட்டுத் தளிர் கிளம்பும். செழிப்பாக இருக்கிறதே என்று இரக்கம் பார்த்தால் அது மேலே இருக்கும் நல்ல மரத்தைத் தின்றுவிடும், பிடுங்கிவிட வேண்டும். பூ முடிந்த காம்பை வெளிப்பக்கம் பார்த்த ஒரு தளிர்க் கண்ணுக்கு மேலே வெட்டிவிட்டால் அடுத்த பூவுக்கு ஒன்றரை மாதம் பிடிக்கும். மலைநாட்டில் பூக்கிற மாதிரி நிறையப் பூக்காது. ஒரு முறைக்கு ஒன்றோ இரண்டோ, மரம் நல்ல குணத்தில் இருந்தால் மூன்று. எனக்கு அது போதும் என்று இருந்தேன்.

அந்தப் பூக்கள் எல்லாம் சாமிக்கு. முகர்ந்த பூவைச் சாமிக்கு வைப்பதில்லை என்பது நீ வளர்ந்த வீட்டின் சட்டம், உனக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. விடிய முழுகிவிட்டு, கத்தரிக்கோலும் தட்டமுமாகப் போய், பாதி விரிந்த பூவைப் பார்த்து வெட்டி, கையை முழுநீளத்துக்கு நீட்டிப் பிடித்துக்கொண்டு உள்ளே வருவேன். எரிகிற விளக்கைக் கொண்டுவருகிற ஆள் போல இருக்கிறது என்று அப்பா பகிடி பண்ணுவார். காற்றில் தானாக வந்து மூக்கில் படுவதை நான் குற்றமாக எடுக்கவில்லை. காற்றுக்கு யார் சட்டம் போடுவது? ஆனால் குனிந்து, மூக்கை வைத்து, மூச்சை இழுத்து அந்தப் பூவை நான் ஒரு நாளும் முகர்ந்ததில்லை. உங்களையும் விட்டதில்லை. "வீட்டிலை இப்பிடி ஒரு பூ பூக்குது, மணக்கிற உரிமை முருகனுக்கு மட்டும்" என்று அப்பா சொல்லிச் சொல்லிச் சலித்துப்போனார். சாமிக்கு வைத்ததை அடுத்த நாள் எடுத்து முகரலாமே என்று நீ நினைப்பாய். அடுத்த நாள் எடுக்கும்போது அதில் சாம்பிராணிப் புகையைத் தவிர ஒன்றும் மிச்சம் இருக்காது.

இனி நான் உனக்குச் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். கொரோனாக் காலத்தில் நீ அங்கே அடைபட்டு இருக்க, எங்கள் இரண்டு பேருக்கும் இங்கே காய்ச்சல் வந்ததல்லவா? அப்பாவுக்குத் தடிமன் போல வந்து போய்விட்டது. எனக்குக் காய்ச்சல் விட்டது, இருமல் விட்டது, மணம் மட்டும் திரும்பி வரவில்லை. அதை நான் கண்டுபிடித்த விதத்தைக் கேள். ஒரு வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டேன். ஒரு மணமும் இல்லை. கடைக்காரன் பழைய சாமானைத் தலையில் கட்டிவிட்டான் என்று திட்டிக்கொண்டு இன்னும் இரண்டு கட்டியைத் தணலில் போட்டேன், பிறகு இன்னும் இரண்டு. அப்பா இருமிக்கொண்டு அறைக்குள் இருந்து ஓடி வந்தார். "என்னப்பா, வீட்டுக்கை நுளம்புக்குப் புகை அடிக்கிறீரோ?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. கடைக்காரனை மனதுக்குள் மன்னித்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன்.

உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அப்பாவிடம் நான்தான் சொன்னேன். வர முடியாத தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு இதையும் சொல்லி என்ன காண்பது என்று நினைத்தேன். மற்றவர்களுக்கு ஒரு மாதத்தில் திரும்பிவிட்டது என்று கேள்விப்பட்டு நானும் காத்திருந்தேன். வருடம் திரும்பியும் வரவில்லை. மணம் இல்லாத வாழ்க்கை எப்படி என்று சொன்னால் உனக்கு விளங்குமோ தெரியாது. வலி இல்லை, வேதனை இல்லை, பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் சோறும் மண், மாம்பழமும் மண். என் உடுப்பு எனக்கு மணக்காது. முழுகிவிட்டு வந்தால் முழுகின மாதிரி இராது. சில நாட்களில் நான் என் வீட்டுக்குள்ளேயே கண்ணாடிக்கு வெளியே நிற்கிற மாதிரி இருந்தது. அழுதும் இருக்கிறேன். குசினிக்குள் பாத்திரம் கழுவுகிற சத்தத்தில் அழுதால் யாருக்கும் கேட்காது.

அந்தக் காலத்தில்தான் உன் அப்பா குசினிக்குள் குடிவந்தார். அந்த வருடம் காஸ் சிலிண்டர்கள் வீடு வீடாக வெடித்ததில் ஊர் முழுக்கப் பயந்திருந்தது. காஸ் கசிந்தால் எனக்குத் தெரியாது என்பதால் நான் அடுப்பு மூட்டும்போதெல்லாம் அவர் பக்கத்தில் நின்றார். ஒரு நாள் பால் அடிப்பிடித்து எரிந்ததை நான் அறியாமல் கிண்டிக்கொண்டு நின்றதில் இருந்து கதிரையையே உள்ளே கொண்டுவந்து போட்டுவிட்டார். பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு மூக்கால் சமைப்பார். "வெங்காயம் வதங்கினது காணும், இறக்கும்." "சரக்குத் தூள் இன்னும் பச்சையா மணக்குது, கொஞ்சம் விடும்." "இப்ப கறிவேப்பிலை மணம் வந்திட்டுது." ஷிப்பிங் கொம்பனியில் கணக்குப் பார்த்துப் பென்சன் எடுத்த மனிதன், வாழ்நாளில் ஒரு தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்ததில்லை. என் சமையல் அந்தக் காலத்தில்தான் முன்னரைவிட நன்றாக இருந்தது என்று இப்போதும் சொல்லித் திரிகிறார். அவர் சொல்வதைக் கேட்டுச் சமைத்ததாலாம்.

கடைசியில் காது மூக்கு தொண்டை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். உன் வயதுப் பிள்ளை, நல்ல பொறுமை. மூக்குக்குள் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, இதற்கு மருந்து இல்லை, பயிற்சிதான் இருக்கிறது என்றாள். "அன்ரி, நாலு சாமான். ரோசாப்பூ, தேசிக்காய், கராம்பு, யூக்கலிப்டஸ் எண்ணெய். காலமையும் பின்னேரமும் ஒவ்வொண்டா மூக்குக்குக் கிட்டப் பிடியுங்கோ. முந்தி அதின்ரை மணம் எப்பிடி இருந்ததெண்டு வடிவா நினைச்சுக்கொண்டு மணந்து பாருங்கோ. மாதக் கணக்கா விடாமல் செய்யோணும்."

பிழிந்து குடிக்கிற தேசிக்காயை நினைக்கலாம். கராம்பை நினைக்கலாம். எண்ணெயும் நீ சின்னனாக இருக்கும்போது உன் நெஞ்சில் பூசினதுதான். "ரோசா மணம் எப்பிடி எண்டு எனக்குத் தெரியாது டொக்டர்" என்றேன். அவள் நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து, "வீட்டிலை ஒரு மரம் வைச்சால் நல்லது அன்ரி" என்றாள். அப்பா பெரிதாகச் சிரிக்கத் தொடங்கினார், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திவிட்டார். வரும் வழியில், காலி ஊர்ப் பக்கம் போகிற பெருவீதி நெரிசலில் திரீவீலர் நிற்கும்போது, "இனியாவது அந்த மரத்தில ஒண்டை மணந்து பாருமன்" என்றார். "அது சாமிக்கு வைச்ச மரம்" என்று சொல்லிவிட்டு நான் வெளியே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

என்னைப் பிடிவாதக்காரி என்று நீ நினைக்கலாம், நான் அதுதான். ஆனால் யோசித்துப் பார். எனக்கு ஒன்று வேண்டும் என்றவுடன், அவ்வளவு வருடமும் அவனுக்கென்று சொல்லி வைத்ததில் கையை வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அதே நேரம், மணம் திரும்பாமலே போய்விடுமோ, எனக்குக் கிடைத்த ஒரு மூக்கை இந்தப் பூவில் ஒரு முறைகூட வைக்காமலே போய்விடுவேனோ என்ற பயமும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தேன். அப்பா தன்னால் முடிந்ததைச் செய்து பார்த்தார். காலி வீதிப் பூக்கடையில் இருந்து பெட்டியில் வந்த ரோஜாக்களை வாங்கி வந்தார். அவற்றில் தன் மூக்குக்கே ஒன்றும் தெரியவில்லை என்று கோபப்பட்டார். மருதானையில் ஒரு கடையில் பன்னீர்ப் போத்தல் வாங்கி வந்து, திறந்து முகர்ந்துவிட்டு, "இது சவுக்காரம்" என்று மூடி வைத்தார். பிறகு ஒரு காலை, எங்கே போகிறேன் என்று சொல்லாமல் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

பத்தரமுல்லைப் பக்கம் வீதியோரத்தில் கன்று விற்கிறவர்களிடம்தான் போயிருக்கிறார். ஒவ்வொரு கன்றாகக் குனிந்து மூக்கை வைத்து, "சுவந்த தியெனவாத?" என்று கேட்டாராம். வாங்க வருகிறவர்கள் நிறத்தையும் விலையையும்தான் கேட்பார்கள், மணம் இருக்கிறதா என்று கேட்ட முதல் ஆள் நீங்கள்தான் என்று அந்தக் கடைக்காரி சிங்களத்தில் சொல்லிச் சிரித்தாளாம். பார்க்க வடிவான பூக்கள் எல்லாம் மணம் இல்லாதவை. கடைசியில் ஒரு மூலையில், இலை பாதி கொட்டி, ஒரேயொரு ரோஸ் பூவும் மழையில் நைந்துபோய் இருந்த ஒரு கன்றில் மூக்கை வைத்தவர் அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கேற்றைத் திறந்துகொண்டு வரும்போதே சொன்னார், "இஞ்சேரும், இது சாமிக்கில்லை. இது உம்மடை மூக்குக்கு. பேச்சு முடிஞ்சுது."

நட்டது அவர்தான். நான் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுக்கொண்டு உத்தரவு கொடுத்தேன். அது உரம் கிடைக்காத காலம், கிருலப்பனைப் பக்கம் மாடு வைத்திருக்கிற ஒரு வீட்டில் போய் ஒரு உரப்பை நிறையச் சாணி எடுத்து வந்தோம். திரீவீலருக்குள் அந்தப் பை என் காலடியில் இருந்தது. சாரதி மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கையால் ஓட்டினார், அப்பா ஓடிக்கொலோன் வாசனை போட்ட லேஞ்சித் துணியை முகத்தில் இருந்து எடுக்கவே இல்லை. நான் மட்டும் மகாராணி மாதிரி நேராக இருந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கென்ன, எனக்குத்தான் மணக்காதே. காய்ச்சலுக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

கன்று பிடித்துத் தளிர்விட்டது. மொட்டும் வைத்தது. புதுக் கன்றின் முதல் மொட்டுகளைக் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் வேருக்குப் போக வேண்டிய பலமெல்லாம் பூவுக்குப் போய்விடும். இதைச் சொன்னபோது அப்பா ஏற்கவில்லை. "உமக்குப் பூ அவசரம் எண்டுதானே நட்டது, கிள்ளச் சொல்லுறீர்?" என்றார். "மரம் இருந்தால் பூ வரும்" என்று நானே போய்க் கிள்ளினேன். அவர் ஒரு மொட்டை இலைக்குள் மறைத்து வைத்திருந்தார். அதையும் கண்டுபிடித்துக் கிள்ளினேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கோபம் ஒன்றுமில்லை, பிறகு வந்ததுதான் கோபம். கிள்ளி முடிந்து மரம் திடப்பட்டு, விரிய விட்ட முதல் பூ ஒரு வெள்ளிக்கிழமை விரிந்தது. அப்பா முதல் நாள் பின்னேரமே அதைச் சுற்றிச் சுற்றி வந்து, நாளைக் காலை சரியாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் படுத்தார். நான் விடிய எழும்பி முழுகினேன். கத்தரிக்கோலை எடுத்தேன். பழைய மரத்தில் அன்றைக்குப் பூ இல்லை. புது மரத்தில், பனி ஈரத்தோடு, ஒரு குறையும் இல்லாமல் அது நின்றது. நான் யோசிக்கவில்லை, தம்பி. ஒரு மரத்தின் முதற்பூ, அதுவும் வெள்ளிக்கிழமை. கை நீட்டி வெட்டிக் கொண்டுபோய் முருகனுக்கு வைத்துவிட்டேன். விளக்கைக் கொளுத்தித் தேவாரம் பாடி முடித்துத் திரும்பினால், அப்பா கையில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு வாசலில் நிற்கிறார். வெறுங்காம்பைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"எங்க பூ?" என்றார்.

"முதற்பூவெல்லே" என்றேன்.

அவர் சத்தம் போடவில்லை. கோப்பையை மேசையில் வைத்தார். "சாமிக்கு மூக்கில்லை எண்டு ஆராவது உமக்குச் சொன்னவையோ? உமக்கு மூக்கில்லாமல் போச்செண்டுதான் நான் மரம் வைச்சனான்" என்றார். பிறகு, "நான் ஒண்டு தந்தால் அதை நீர் வைச்சிருக்க மாட்டீர். இவ்வளவு காலமும் அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டுச் சேட்டைப் போட்டுக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டார். மத்தியானம் சாப்பிட வரவில்லை. எத்தனையோ தரம் சண்டை பிடித்திருக்கிறோம், அது உனக்கும் தெரியும், நீ நடுவில் நின்று கையை விரித்திருக்கிறாய். ஆனால் அந்த மனிதன் சாப்பாட்டை விட்டது அன்று ஒரு நாள்தான். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கல்லில் இருந்திருக்கிறார். பின்னேரம் நான் போய்த்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். வா என்று சொல்லவில்லை, பக்கத்தில் போய் இருந்தேன். கடல் மணமும் எனக்கு இல்லை. "அடுத்த பூ எனக்கு" என்றேன். "பாப்பம்" என்றார்.

உனக்குப் புத்திமதி சொல்கிற கடிதம் இல்லை இது என்று நினைத்துத்தான் தொடங்கினேன். ஆனால் இந்த இடத்தில் சும்மா போக முடியவில்லை. கல்யாண வீட்டில் வருகிறவர்கள் எல்லோரும், விட்டுக்கொடுத்துப் போ என்றுதான் உனக்குச் சொல்லுவார்கள். நான் சொல்வது வேறு. தருவதை வாங்கப் பழகு. எனக்கு ஒன்றும் வேண்டாம், எனக்குத் தேவையில்லை, பிள்ளைக்கு, சாமிக்கு, வீட்டுக்கு என்று இருக்கிற ஆளைப் பார்க்க நல்லவராகத்தான் தெரியும். பக்கத்தில் இருந்து ஒன்றைத் தர நினைக்கிறவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அன்று கல்லில் இருந்தபோது பார்த்தேன். தர்ஷினி உனக்கு ஒரு சேட் எடுத்துத் தந்தால் உடனே போட்டுக்கொள். அவள் உன் கோபத்தைத் தாங்கினால் நன்றி சொல். உனக்கு ஒன்று குறைந்து போனால் என்னைப் போல மூடி மறைக்காமல் அவளிடம் சொல். சொன்னால்தான் அவள் கதிரையைத் தூக்கிக்கொண்டு உன் குசினிக்குள் வருவாள்.

அடுத்த பூ ஒன்றரை மாதம் எடுத்தது. அதற்கிடையில் தேசிக்காய், கராம்பு, எண்ணெய் என்று காலையும் பின்னேரமும் விடாமல் பிடித்தேன். அப்பா மணிக்கூட்டோடு நிற்பார். ஒன்றும் இல்லை. பூ விரிந்த காலை, அவர் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகாத குறைதான். நான் மரத்தில் வைத்தே குனிந்தேன். என் வாழ்க்கையில் முதல் தடவை. வெட்கமாக இருந்தது என்றால் நம்புவாயா? வேறு யாருடையதோ கடிதத்தைப் பிரிக்கிற மாதிரி இருந்தது. மூச்சை இழுத்தேன். எரிந்த ரப்பர். டயரைக் கொளுத்தினால் வருகிற அதே நாற்றம். நான் பின்னுக்குப் பாய்ந்துவிட்டேன்.

அப்பாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். மணக்கிறது, நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அந்த மனிதன் அன்று முழுக்கப் பறந்திருப்பார். ஆனால் அவர் தந்ததை வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டேனே, வாங்கினால் உள்ளபடி வாங்க வேண்டும். "டயர் எரிஞ்ச மணம் வருது" என்றேன். அவரும் குனிந்து ஒரு முறை முகர்ந்து பார்த்தார். பிறகு, "ஏதோ ஒண்டு வருகுதெல்லே" என்றார். உள்ளே ஓடிப்போய் டொக்டருக்குப் போன் பண்ணினார். பிழையான மணம் வருவது நல்ல அறிகுறி, நரம்பு திரும்பி வளரும்போது இப்படித்தான் குழம்பும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அன்று அப்பா பக்கத்துத் தொடர்மாடிக் காவல்காரரிடம் எல்லாம் போய், என் மனைவிக்கு ரோஜாப்பூ டயர் மாதிரி மணக்கிறது என்று சிங்களத்தில் சந்தோஷமாகச் சொல்லிவிட்டு வந்தார். அந்த மனிதர் என்ன நினைத்தாரோ தெரியாது, இன்றைக்கும் என்னைக் கண்டால் மிகவும் மரியாதையாக விலகிப் போகிறார்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது, ஒழுங்கு முறை இல்லாமல் வந்தது. கோப்பி மண்ணெண்ணெயாக வந்தது. வெங்காயம் வாயில் வைக்க முடியாத ஏதோ ஒன்றாக வந்தது. சரியாக வந்த முதல் மணம் எது என்று சொன்னால் சிரிப்பாய். சந்தைக்குப் போய்ப் பாலத்தால் வந்துகொண்டிருந்தேன். மழை இல்லாத மாதம், கால்வாய்த் தண்ணீர் கறுத்துப்போய்க் கிடந்தது. திடீரென்று அந்த நாற்றம், வெள்ளவத்தைக் கால்வாயின் அசல் நாற்றம், ஒரு மாற்றமும் இல்லாமல் மூக்கில் ஏறியது. போகிற வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விரைவாக நடக்க, நான் மரக்கறிப் பையோடு பாலத்தில் நின்று மூச்சை இழுத்து இழுத்து விட்டேன். வீட்டுக்கு வந்து பையைக் கீழே வைக்க முதலே அப்பாவிடம் சொன்னேன். அவர் சேட்டை மாட்டிக்கொண்டு, "வாரும், நானும் வாறன்" என்று பாலத்துக்கு வந்து என் பக்கத்தில் நின்றார்.

ரோஜாதான் கடைசி. பூவுக்குப் பூ ரப்பர் குறைந்தது. ஒரு பூவில் நனைந்த கடதாசி மணம், இன்னொன்றில் ஒன்றுமே இல்லை. ஒவ்வொன்றையும் நான் உள்ளபடி சொன்னேன், அவர் கேட்டுக்கொண்டார், காம்பை வெட்டினார், எரு வைத்தார். இப்போது அவர் கண் பார்த்து வெட்டுவது எனக்கே பொறாமையாக இருக்கிறது, அவ்வளவு சரியாக வெட்டுகிறார். சாணியைக் கையால் எடுக்கிறார். நீ வந்து பார்.

போன மாதம் ஒரு காலை, இரண்டு மரத்திலும் ஒரே நேரத்தில் பூ. அப்படி முன்பு நடந்ததில்லை. முழுகிவிட்டுக் கத்தரிக்கோலோடு வந்த நான், முதலில் புது மரத்தடிக்குப் போனேன். அப்பா இன்னும் எழும்பவில்லை. குனிந்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு மெல்ல வந்தது. அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. தேயிலைக் கொழுந்தின் பச்சையும், பழுத்த பழமொன்றின் இனிப்பும், எங்கோ அடியில் கராம்பும் சேர்ந்த மாதிரி இருந்தது. மூச்சை வெளியே விட மனம் வராமல் நின்றேன். திரும்பத் திரும்பக் குனிந்தேன். காற்று அவ்வப்போது கொண்டுவந்து தந்ததெல்லாம் இதன் ஒரு துளிகூட இல்லை. அப்பாவை எழுப்பிச் சொன்னேன். அவர் கட்டிலில் இருந்தபடியே என் முகத்தைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைத் தேடுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு பழைய மரத்துக்குப் போனேன். சாமிக்கு வெட்ட வேண்டும். அதே நிறம், அதே மாதிரிப் பாதி விரிந்த பூ. வெட்டி, வழக்கம் போலக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தேன். முருகன் படத்துக்கு முன்னால் நின்றபோதுதான், உன்னைப் பெறுவதற்கு முன்னிருந்து இன்றுவரை அவனுக்கு எதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று எனக்குத் தெரிந்தது. தெரியாமல் கொடுக்கும்போது எவ்வளவு சுலபமாக இருந்தது. அன்றைக்கு, முதல் தடவையாக, அந்தப் பூவைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டுக் கொடுத்தேன்.

உன் அம்மா